அழுதது ஃபில்டர், அடித்தது வேறு ஆள்

என்னுடைய கார் 1969 மாடல் ஃபோக்ஸ்வேகன் பீட்டில். எஞ்சின் பின்னால், பெட்ரோல் டேங்க் முன்னால். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டு படித்தால், கீழே நான் பட்ட பாடு முழுக்கப் புரியும்.

முதலில் வந்தது வாசனைதான். ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. நிறுத்தி அரை மணி நேரம் கழித்து அந்தப் பக்கம் போனால் பெட்ரோல் நெடி. பின் மூடியைத் திறந்து பார்த்தால் எங்கேயும் ஈரம் இருக்காது. எஞ்சின் ஆயில் ஒழுகினால் சாட்சி விட்டுவிட்டுப் போகும். பெட்ரோல் அப்படி இல்லை, சூடான தகரத்தில் விழுந்த இடத்திலேயே ஆவியாகிவிடும். மிஞ்சுவது ஒரு மங்கிய மஞ்சள் கறை, அவ்வளவுதான்.

நான்கு நாள் கழித்து, நிறுத்தின கையோடு டார்ச் அடித்துப் பார்த்தேன். பம்புக்கும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஃபில்டர் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் காரை வைத்திருந்தவர் போட்டது. அதன் அடிவயிற்றில் ஒரு துளி. துடைத்தேன், இன்னொரு துளி. கண்டுபிடித்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டு, ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஃபில்டரின் இரண்டு பக்கக் கிளிப்புகளையும் நன்றாக முறுக்கினேன். ஒழுகினால் இறுக்கு. தண்ணீர்க் குழாயில் பழகிய புத்தி.

ஒரு வாரம் கழித்து ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போதே நெடி காருக்குள் வந்தது. ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, மூடியைத் திறந்தேன். ஃபில்டரின் மூக்கில், அதாவது ரப்பர் ஹோஸ் மாட்டுகிற நுனியில், கிளிப் அழுத்திய இடத்துக்குப் பக்கத்தில், மயிரிழை அளவுக்கு விரிசல். அதற்கு நேர் கீழே டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்திருந்தது. எஞ்சின் ஓடும்போது உள்ளே நொடிக்குப் பல தரம் பொறி பறக்கிற சாமான் அது. பக்கத்தில் பம்ப், கொதிக்கும் தகரம், போதாததற்கு இந்தக் காரின் எஞ்சின் உடம்பே மக்னீசியம் கலந்த உலோகம். பற்றினால் தண்ணீர் ஊற்றி அணைக்கிற விஷயமில்லை. அன்று தீப்பிடிக்காமல் போனதற்கு என் சாமர்த்தியம் ஒன்றும் காரணமில்லை.

பழைய பிளாஸ்டிக் ஃபில்டரை இறுக்கக் கூடாது என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. வருஷக்கணக்கில் சூடு பட்ட பிளாஸ்டிக், வெளியே பார்க்கப் பளிச்சென்று இருந்தாலும், முறுக்கு தாங்காது. ஒழுகுகிற பிளாஸ்டிக் ஃபில்டருக்கு ரிப்பேர் என்று ஒன்று இல்லை. பசை போட்டு ஒட்டுவதும் இல்லை. கழற்றித் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அடுத்துச் செய்ததைச் சொல்வதற்கு முன், அன்றிலிருந்து பெட்ரோல் லைனில் கை வைப்பதற்கு முன்னால் நான் என்னென்ன செய்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் தொட்டால் ஆறிப்போய் இருக்க வேண்டும். வெந்நீர் சூடுகூட இருக்கக் கூடாது. பேட்டரியின் எர்த் வயரை முதலில் கழற்றுவேன். என் காரில் பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் இருப்பதால் சோம்பேறித்தனம் வரும், ஆனாலும் கழற்றுவேன். வேலை வெட்டவெளியில்தான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு தரையாக ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். காற்றில் அது 1.4 சதவீத அளவு கலந்தாலே பற்றிக்கொள்ளும். அதனால் மூடிய ஷெட், பக்கத்தில் அடுப்பு, கம்பி பல்பு மாட்டிய தொங்கு விளக்கு எதுவும் கூடாது. அந்தப் பல்பின் மேல் பெட்ரோல் தெறித்து உடைந்தால் போதும். பேட்டரியில் எரியும் எல்இடி டார்ச்தான் என்னிடம். பெட்ரோல் தீக்கு ஆகிற தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில், காருக்குள் இல்லாமல் வெளியே தரையில். கைக்கு நைட்ரைல் உறை. ஒழுகுவதைப் பிடிக்கத் தகர டப்பா.

சரி, இரண்டாவது ஃபில்டர். பிளாஸ்டிக்கே வேண்டாம் என்று உலோக உடம்பு கொண்டதை வாங்கி, அம்புக்குறி கார்புரேட்டர் பக்கம் இருக்கிற மாதிரி பார்த்து, அதே இடத்தில் மாட்டினேன். புதுக் கிளிப்பும் போட்டேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் பழைய வாசனை. பார்த்தால் புது ஃபில்டரின் அடியில் அதே மாதிரி ஒரு துளி!

அப்போதுதான் எனக்குப் பழக்கமான ஒரு வயதான மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். பழைய கார்களோடு வாழ்நாளைக் கழித்தவர். குனிந்து பார்த்தார். ஃபில்டரைத் தொடவே இல்லை.

“தம்பி, ஃபில்டர் அழுவுது, சரி. அடிச்சது யாருன்னு பாத்தியா?”

“அதாண்ணே ஒழுகுது, வேற யாரு?”

“ஒழுகுற எடம் வேற, சொட்டுற எடம் வேற. மேலேருந்து வா.”

டிஷ்யூ பேப்பரைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து ஒவ்வொரு இணைப்பிலும் ஒன்றைச் சுற்றச் சொன்னார். கார்புரேட்டர் மூக்கில் ஒன்று, ஹோஸின் நடுவில் ஒன்று, ஃபில்டரின் மேல் வாயிலும் கீழ் வாயிலும் ஒவ்வொன்று, பம்பின் மூக்கில் ஒன்று. எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, காத்திருந்தோம். ஓடும்போது எதுவும் நனையவில்லை. நிறுத்திப் பத்து நிமிடத்தில் கார்புரேட்டர் மூக்கில் இருந்த பேப்பர் நனைந்தது. பிறகு ஹோஸில் இருந்தது. கடைசியாகத்தான் ஃபில்டரின் அடி.

நிறுத்திய பிறகு ஏன்? எஞ்சின் நின்றதும் காற்றோட்டமும் நின்றுவிடுகிறது. எஞ்சின் உடம்பில் இருக்கும் சூடு மேலே ஏறி, பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் அடைபட்டிருக்கும் பெட்ரோலைச் சுடவைக்கிறது. ஒரு பக்கம் பம்பின் வால்வு, மறுபக்கம் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நுழைவதைத் திறந்து மூடும் ஊசி வால்வு. நடுவில் மாட்டிய பெட்ரோல் விரிவதற்கு இடம் தேடும். எந்த இணைப்பு இளைத்ததோ அதன் வழியாக வெளியே வரும். வெளியே வந்தது ஹோஸின் துணிப் பின்னலைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, தாழ்வான இடமான ஃபில்டரில் போய்த் துளியாகச் சேரும். அதாவது நான் நல்ல ஃபில்டரைத் தண்டித்துக்கொண்டிருந்தேன்.

கார்புரேட்டர் மூடியில் பெட்ரோல் நுழைகிற பித்தளை மூக்கு மரையில் முறுக்கியது இல்லை, வெறுமனே அழுத்திச் செருகியது. ஐம்பது வருஷச் சூடும் குளிரும், போதாததற்குக் கனமான ஃபில்டர் ஒன்று ஹோஸில் தொங்கி ஒவ்வொரு குலுக்கலுக்கும் அதை இழுத்துக்கொண்டிருந்ததும் சேர்ந்து, மூக்கு லேசாக ஆட ஆரம்பித்திருந்தது. விரலால் பிடித்துத் திருப்பினேன், திரும்பியது. திரும்பவே கூடாது. என் உலோக ஃபில்டர் பழைய பிளாஸ்டிக்கைவிடக் கனம், ஆக நானே நிலைமையை மோசமாக்கியிருந்தேன்.

இதற்கு நாங்கள் செய்த வழி: கார்புரேட்டரின் மேல் மூடியைக் கழற்றி, காருக்கு வெளியே மேஜைக்குக் கொண்டுபோய், ஊசி வால்வையும் கழற்றி வைத்துவிட்டு, பழைய மூக்கை உருவி, துளையில் மரை வெட்டி, மரை வைத்த பித்தளை மூக்கைப் பெட்ரோல் தாங்கும் பசையோடு முறுக்கினோம். பசை இறுகும் வரை, டப்பாவில் போட்டிருந்த நேரம் முழுக்க விட்டுவைத்தோம். கார்புரேட்டர் காரில் இருக்கும்போதே இந்த வேலையைச் செய்யலாமே என்று தோன்றும். உலோகத் தூள் ஒன்று உள்ளே விழுந்தால் ஊசி வால்வு மூடாது, கார்புரேட்டர் நிரம்பி வழியும். அப்புறம் அது தனிக் கதை.

மூடியைக் கழற்றியபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நிற்கும் அறையின் அடியில் கறுப்பாகப் பொடி. துரு என்றால் செம்மண் நிறத்தில் இருக்கும், அது டேங்கிலிருந்து வருவது. கறுப்புப் பொடி ஹோஸ் உள்ளிருந்து உதிர்வது. உலோக ஃபில்டரைத் தாண்டி வந்திருக்கிறது என்றால், ஃபில்டருக்கு அப்புறம் இருக்கும் அரை அடி ஹோஸ்தான் உதிர்கிறது. இந்தக் காருக்கு அசலாக வருகிற துணி சுற்றிய ஹோஸ் பார்க்க அழகு, ஆனால் ரப்பர் வெடித்ததைத் துணி மறைத்துவிடும். என்னுடையதை வளைத்துப் பார்த்தேன், சுள்ளி மாதிரி மொறமொறவென்று சத்தம் கேட்டது. வெட்டிப் பார்த்தால் உள்சுவர் முழுக்க விரிசல்.

ஃபில்டர் ஒழுகுகிறது என்று சொல்பவர்களிடம் ஹோஸ்தான் முக்கால்வாசிக் குற்றவாளி என்று இப்போது நம்புகிறேன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வகை ரப்பரை ஊறவைத்து இளக்கும், பிறகு காயவைத்து வெடிக்கவிடும். ஹோஸின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். எஸ்ஏஇ ஜே30 என்று தொடங்கி ஆர்7 என்று முடிந்தால் கார்புரேட்டர் வண்டிகளின் குறைந்த அழுத்தத்துக்கானது. ஆர்9 என்றால் உள்ளே எத்தனாலைத் தாங்கும் ஃப்ளோரோ ரப்பர் படலம் உண்டு, கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சி அனுப்பும் இன்ஜெக்‌ஷன் அழுத்தத்தையும் தாங்கும். என் காரின் பம்ப் தருவது, பார் என்கிற அழுத்த அலகில், அரைகூட இருக்காது, ஆர்7 தாராளம். ஆனாலும் நான் ஆர்9தான் போட்டேன், அழுத்தத்துக்காக இல்லை, எத்தனாலுக்காக. எதுவுமே அச்சிடாத கறுப்புக் குழாய் எவ்வளவு கனமாக இருந்தாலும் வாங்குவதில்லை.

அளவு இன்னொரு வம்பு. காரில் இருக்கிற குழாய் ஒரு அளவு, கிடைக்கிற ஃபில்டரின் மூக்கு வேறு அளவு. 6 மில்லிமீட்டர் மூக்கில் 8 மில்லிமீட்டர் ஹோஸை மாட்டி, கிளிப்பால் நெரித்துச் சமாளிப்பதைப் பல கார்களில் பார்த்திருக்கிறேன். நெரித்த ரப்பர் வட்டமாகச் சுருங்காது, ஓர் இடத்தில் மடியும். அந்த மடிப்புதான் ஒழுகும் வழி. ஹோஸ் மூக்கில் கையால் அழுத்தி, கொஞ்சம் முக்கித் தள்ளி ஏற்றுகிற அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். வழவழவென்று ஏறினால் அளவு தப்பு.

கிளிப்பிலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பட்டை முழுக்கக் கோடு கோடாக வெட்டு இருக்கிற சாதாரணப் புழுக்கிளிப் தண்ணீர்க் குழாய்க்குச் சரி. சின்னப் பெட்ரோல் ஹோஸில் அது வட்டமாக அமராது, வெட்டுகளின் ஓரம் ரப்பரையும் அறுக்கும். விளிம்பு வெளிப்பக்கம் மடங்கி, சின்ன போல்ட்டும் நட்டும் வைத்து இறுக்குகிற வகை கிடைக்கும், அதைத்தான் போடுகிறேன். மூக்கின் நுனியில் ஒரு மேடு இருக்கும் அல்லவா, கிளிப் அந்த மேட்டைத் தாண்டி உள்பக்கம் உட்கார வேண்டும், மேட்டின் மேலேயே இல்லை. பட்டையின் ஓரத்தில் ரப்பர் லேசாகப் பிதுங்கும்போது நிறுத்திவிட வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு ரப்பர் படிந்துவிடும், அப்போது மறுபடி கால் சுற்று.

இவ்வளவும் முடிந்ததும் ஃபில்டரை மறுபடி பழைய இடத்திலேயே மாட்டப் போனேன். மெக்கானிக் அண்ணன் தடுத்துவிட்டார். “இந்த எடத்துல எதுக்குத் தம்பி ஃபில்டரு? கம்பெனிக்காரன் வச்சானா?” உண்மைதான். அசல் காரில் அங்கே ஃபில்டரே கிடையாது. டேங்கின் வாயில் ஒரு வலை, பம்புக்குள் ஒரு சின்ன வலை, அவ்வளவுதான். டிஸ்ட்ரிபியூட்டருக்கு மேல் ஃபில்டரைத் தொங்கவிடுவது, மாட்ட வசதி என்பதற்காகப் பின்னால் வந்த பழக்கம். ஒரு ஃபில்டர் சேர்த்தால் இரண்டு இணைப்பு கூடுகிறது. அந்த இரண்டும் எங்கே இருந்தால் ஆபத்துக் குறைவு என்று யோசிக்க வேண்டும். எஞ்சின் அறைக்கு வெளியே, காருக்கு அடியில், கியர்பாக்ஸ் பக்கத்தில் இரும்புக் குழாய் வெளிவரும் இடத்தில், பம்புக்கு முன்னால் வைத்தோம். ஹோஸில் தொங்கவிடாமல், ரப்பர் வைத்த பட்டையால் சட்டத்தோடு பிடித்தோம். கார்புரேட்டர் பக்கம் இப்போது பம்பிலிருந்து இரும்புக் குழாயும் ஒரு சின்ன ஹோஸும் மட்டும். அடியிலிருந்து பம்புக்கு வரும் குழாய் எஞ்சின் தகரத்தைத் துளைத்துவரும் இடத்தில் ரப்பர் வளையம் காணாமல் போயிருந்தது. தகரம் குழாயை அராவிக்கொண்டிருந்தது, அதற்கும் ஒரு வளையம் போட்டோம்.

அடியில் வேலை செய்யும்போது டேங்க் நினைப்பில் இருக்க வேண்டும். முன்னால் இருக்கும் டேங்க், கியர்பாக்ஸை விட உயரம். ஹோஸைப் பிடுங்கினால் பம்ப் ஓடாவிட்டாலும் டேங்க் காலியாகும் வரை கொட்டும். நான் டேங்க் அடிமட்டத்துக்கு வரும் வரை ஓட்டிவிட்டு, அப்புறம்தான் வேலையை ஆரம்பித்தேன். ஹோஸை உருவியதும் செருக, வழவழப்பான தண்டு உள்ள போல்ட் ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன். முழங்கை வழியாக அக்குளுக்குப் பெட்ரோல் ஓடுவது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, ஒரு தடவை போல்ட்டைக் கைதவறவிட்டாலே போதும்.

இங்கேதான் மூன்றாவது ஒழுகல். இது வேறு ரகம். ஓட்டும்போது எங்கேயும் ஈரம் இல்லை, ஆனால் மேட்டில் ஏறும்போது எஞ்சின் திணறியது. காலையில் பார்த்தால் தரையில் ஈரம். பம்புக்கு முன்னால் இருக்கும் பகுதியில் பம்ப் உறிஞ்சுகிறது. அங்கே ஓட்டை இருந்தால் பெட்ரோல் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். எஞ்சின் நின்றதும் உறிஞ்சல் நிற்கும், உயரத்தில் இருக்கும் டேங்க் தள்ள ஆரம்பிக்கும், அப்போது சொட்டும். ஓடும்போது திணறல், நிற்கும்போது சொட்டல் என்று இரண்டும் சேர்ந்து வந்தால் பம்புக்கு முன்னால் தேடுங்கள்.

காரணம் நான் அவசரத்தில் தவறவிட்டது. இரும்புக் குழாயின் நுனியில் துரு அரித்துக் குழிகள். புது ஹோஸ் அதன் மேல் எவ்வளவு இறுக்கமாக உட்கார்ந்தாலும் குழி வழியாகக் கசியும். அதைத் தேய்க்கும்போதும் ஒரு தப்புச் செய்தேன்: எமரி பேப்பரைக் குழாயின் நீளவாக்கில் இழுத்தேன். நீளவாக்கில் விழும் ஒவ்வொரு கீறலும் ஒரு வாய்க்கால். குழாயைச் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும், அப்போது கீறல்கள் வளையமாகிவிடும், பெட்ரோல் அதைக் கடக்க முடியாது. நுனியில் ஒரு அங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல இரும்பு வந்த இடத்தில் மேடு தூக்கி, வட்டமாகத் தேய்த்து மாட்டியதும் அடங்கியது. வெட்டியது சின்னச் சுழல் கத்தியால், குழாயைப் பெட்ரோல் இல்லாமல் துடைத்துக் காயவிட்ட பிறகு. பொறி பறக்கும் கட்டர் அந்தப் பக்கமே வரக் கூடாது.

நண்பர் ஒருவரிடம் இதைவிடப் பழைய கார் இருக்கிறது, கண்ணாடிக் கிண்ணம் வைத்த ஃபில்டர். கம்பி வளையமும் கீழே திருகும் போட்டுக் கிண்ணத்தை மேல் மூடியோடு பிடித்திருக்கும், நடுவில் கார்க் கேஸ்கெட். அவர் கதையும் என் கதைதான். ஒழுகியது, திருகை இறுக்கினார், கண்ணாடி விளிம்பில் சில்லு பெயர்ந்தது. கார் மாசக்கணக்கில் நின்றால் கார்க் காய்ந்து சுருங்கிவிடும், அதற்கு இறுக்கல் மருந்தாகாது. புதுக் கிண்ணம், எத்தனால் தாங்கும் ரப்பர் கேஸ்கெட், மேல் மூடியின் விளிம்பைச் சமமான கண்ணாடித் தகடு மேல் மெல்லிய எமரி வைத்துத் தேய்த்தது, கையால் மட்டும் திருகியது. அதோடு சரியானது. கிண்ணத்தில் பாதிக்குமேல் பெட்ரோல் ஊற்றி மாட்டினால் பம்ப் காற்றை இழுத்துத் தவிக்காது. அந்தக் கிண்ணம் முழுக்க நிரம்பவில்லையே என்று அவர் பல நாள் கவலைப்பட்டார். ஃபில்டரில் மேலே கொஞ்சம் காற்று நிற்பது சகஜம். குமிழி குமிழியாக ஓடிக்கொண்டே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இன்ஜெக்‌ஷன் வைத்த பழைய கார்காரர்கள் என் வைத்தியத்தை அப்படியே செய்துவிடாதீர்கள். 1973இல் வந்த கே-ஜெட்ரானிக் மாதிரியான அமைப்பில் லைனில் ஏறக்குறைய 5 பார் அழுத்தம். எஞ்சின் நின்ற பிறகும் அழுத்தம் தேங்கியிருக்கும், நட்டைத் தளர்த்தினால் முகத்தில் பீய்ச்சும். அங்கே ஃபில்டரின் இணைப்பில் செம்பு வாஷர் இருக்கும், ஒரு தடவை நசுங்கினால் கெட்டியாகிவிடும், ஒவ்வொரு முறையும் புதிதுதான். நட்டைத் திருப்பும்போது ஃபில்டரின் உடம்பை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் குழாய் முறுக்கிக்கொள்ளும்.

டெஃப்லான் டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஒழுகுகிற இணைப்பு எதைப் பார்த்தாலும் அதைச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நட்டின் கூம்பு முகம்தான் பெட்ரோலைத் தடுக்கிறது, மரை இல்லை. அங்கே டேப் சுற்றினால் ஒரு பயனும் இல்லை, பிய்ந்த துணுக்கு ஒன்று போய் ஊசி வால்வில் உட்காரும். சிலிக்கோன் பசை அதைவிட மோசம், பெட்ரோலில் ஊதிப்போய்க் கூழாகிவிடும்.

இப்போது எஞ்சின் அறையில் ஒரு இணைப்பு விடாமல் டிஷ்யூ சுற்றிப் பார்க்கிறேன், எந்த வேலை செய்தாலும். ஓடவிட்டு ஐந்து நிமிடம், நிறுத்தி அரை மணி நேரம், மறுநாள் காலை என்று மூன்று தடவை. பார்த்து முடித்ததும் பேப்பரை எடுத்துவிடுவேன், எஞ்சின் அறையில் அதை விட்டு ஓட்டுவதில்லை. ஹோஸில் மாற்றிய மாதத்தையும் வருஷத்தையும் வெள்ளைப் பெயின்ட் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். ஐந்து வருஷம் ஆனால், நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவது என் கணக்கு.

போன மாதம் அண்ணன் வந்தார். பின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சுற்றிக்கொண்டு முன்பக்கம் போய், மூடியைத் தூக்கி, டேங்கின் மூச்சுக்குழாயைக் கட்டைவிரலால் அழுத்தினார். மொறமொறவென்று சத்தம் கேட்டது.